நாய்க்கு ஒரு தனி வாசல்!

காலை 8 மணி. அமெரிக்காவில் ஒரு வீடு. கணவர் வேலைக்குப் புறப்படுகிறார். மனைவியும் வேலைக்குப் புறப்படுகிறார். பிள்ளைகள் முன்பே பள்ளிக்கூட பஸ்சில் ஏறிப் போய்விட்டார்கள்.

கதவு பூட்டப்படுகிறது. உள்ளே ஒரே ஒரு ஜீவன். அந்த வீட்டு நாய்!

இனி மாலை 6 மணிக்குத்தான் கதவு திறக்கும். அதுவரை நாய் என்ன செய்யும்? தூங்கும். எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கும். மறுபடியும் தூங்கும். அதெல்லாம் சரி. அவசரம் வந்தால்?

அங்கேதான் தொல்லை.

நன்றாகப் பழக்கிய நாய் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. அடக்கிக்கொண்டு படுத்திருக்கும். வளர்ந்த நாய் என்றால் ஏழெட்டு மணி நேரம் எப்படியோ தாங்கும். 3 மாதக் குட்டிக்கு 3 மணி நேரமே அதிகம். வயதான நாய்க்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கும் அந்த 10 மணி நேரம் சித்திரவதை.

தப்பித் தவறிக் கம்பளத்தில் போய்விட்டால் கேட்க வேண்டாம். எஜமானர் உள்ளே நுழைந்ததும் நாய் மேஜைக்கு அடியில் போய்ப் பதுங்கிக் கொள்ளும். திட்டு விழும் என்று அதற்குத் தெரியும். எதற்காகத் திட்டு என்பது பாவம், அதற்குத் தெரியாது.

நம் ஊர்த் தெருநாய்க்கு இந்தக் கவலை கிடையாது. பூட்டிய வீட்டுக்குள் வாழும் நாய்க்குத்தான் இந்தப் பாடு.

இதற்கு மேல்நாட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொல்லைப்புறக் கதவின் அடியில் ஒரு சதுர ஓட்டை. அந்த ஓட்டையில் மேலிருந்து தொங்கும் ஒரு தட்டி. நாய் மூக்கால் முட்டினால் தட்டி விலகும். நாய் வெளியே போனதும் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நின்றுவிடும். வேலி போட்ட கொல்லையில் நாய் தன் காரியத்தை முடித்துக்கொண்டு, கொஞ்சம் வெயில் காய்ந்துவிட்டு, தானே வீடு திரும்பும்.

கதவுக்குள் கதவு! நாய்க்கு என்று தனி வாசல்!

பூனை போட்ட பாதை

நாய்க்கு முன்னால் இந்தச் சலுகையை அனுபவித்தது பூனை.

இங்கிலாந்தில் எக்சிட்டர் என்ற ஊரில் ஒரு பழமையான தேவாலயம் இருக்கிறது. அதில் ஒரு வான சாஸ்திரக் கடிகாரம். கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவின் அடிப்பாகத்தில் வட்டமாக ஒரு துளை. உலகிலேயே மிகப் பழைய பூனைக் கதவு அதுதான் என்று சொல்லுகிறார்கள்.

அந்தக் காலத்தில் கடிகாரத்தின் பாகங்களுக்கு மிருகக் கொழுப்பைத் தடவுவார்கள். கொழுப்பின் வாசனைக்கு எலிகள் படை எடுத்தன. எலிகளை ஒழிக்கப் பூனை வேண்டும். பூனை உள்ளே போக வழி வேண்டும். 1598-ம் ஆண்டில் தச்சர்களைக் கூப்பிட்டுத் துளை போடச் சொன்னார், பிஷப் வில்லியம் காட்டன். கூலி 8 பென்ஸ். தேவாலயத்தின் கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவு எழுதப்பட்டு இருக்கிறது.

அதற்கு முன்பும் அந்தத் தேவாலயத்துப் பூனை சும்மா வேலை பார்க்கவில்லை. 1305-ம் ஆண்டு முதல் 1467-ம் ஆண்டு வரை பூனைக்காக வாரம் ஒரு பென்னி வீதம் கொடுத்ததாகக் கணக்கில் இருக்கிறது. சம்பளக்காரப் பூனை!

விஞ்ஞானி நியூட்டன் தன் பூனைக்குப் பெரிய துளை ஒன்றும், அதன் குட்டிக்குச் சிறிய துளை ஒன்றும் போட்டார் என்று ஒரு கதை உண்டு. பெரிய துளையிலேயே குட்டியும் போகலாமே என்று கேட்டுச் சிரிப்பார்கள். அது வெறும் கதைதான்.

அளவு எடுப்பது எப்படி?

நாய்க் கதவுகள் இன்று கடையில் தயாராக விற்கின்றன. முயல் அளவு நாய்க்கும் உண்டு, கன்றுக்குட்டி அளவு நாய்க்கும் உண்டு. எதை வாங்குவது?

நாயை நிற்க வைத்து அளக்க வேண்டும். உடம்பில் எந்த இடம் அதிக அகலம் என்று பார்க்க வேண்டும். சில நாய்க்கு மார்பு அகலம். சில நாய்க்கு, கொழுத்துப் போனதால், வயிறு அகலம். அந்த அகலத்துக்கு மேல் 2 அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயரத்துக்குத் தலையை அளப்பவர்கள் உண்டு. அது வீண். நாய் தலையைத் தாழ்த்திக் கொள்ளும். ஆனால் முதுகைத் தாழ்த்தாது. கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் உள்ள மேடுதான் கணக்கு. அதற்கு மேல் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் இருந்தால் போதும்.

பலர் கோட்டை விடுவது அடிப்பக்கத்தில். ஓட்டையின் கீழ்விளிம்பு நாயின் வயிற்றைவிட உயரத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் ஒவ்வொரு முறையும் நாய் குதித்துத் தாண்ட வேண்டும். இன்று குதிக்கும். பத்து வயதில் மூட்டுவலி வந்தபிறகு குதிக்காது. டாக்சுண்டு போன்ற நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ள நாய்க்கு முதுகெலும்பே கெட்டுவிடும்.

வீட்டில் பெரிய நாய் ஒன்று, சிறிய நாய் ஒன்று என்று இருந்தால், மேல் அளவு பெரியதற்கு, கீழ் அளவு சிறியதற்கு. குட்டி நாய் என்றால், அது வளர்ந்தபின் எவ்வளவு இருக்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். குட்டிக்குச் சட்டை தைப்பது போல் வருஷத்துக்கு ஒரு கதவு வாங்க முடியாது!

சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய அட்டைப் பெட்டியில் அதே அளவில் ஓட்டை போட்டு, அதற்குள் நாயை நடக்கவிட்டுப் பார்க்கலாம். காசு செலவு இல்லாத சோதனை.

ரம்பம் வைக்கும் முன்பு

அறுப்பது அரை நாள் வேலை. கடைக்காரர்கள் கதவோடு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதை வீட்டுக் கதவில் ஒட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பென்சிலால் கோடு போட வேண்டும். நான்கு மூலையிலும் துளை போட வேண்டும். அந்தத் துளைக்குள் ரம்பத்தின் அலகை நுழைத்து, மூலைக்கு மூலை அறுக்க வேண்டும். உள்பக்கம் ஒரு சட்டம், வெளிப்பக்கம் ஒரு சட்டம். இரண்டையும் திருகாணியால் முடுக்கி, மழைத் தண்ணீர் கசியாமல் ஓரத்தில் சிலிக்கோன் பசை வைத்துவிட்டால் முடிந்தது.

ஆனால் எல்லாக் கதவையும் அறுக்கலாமா? கூடாது.

கதவைக் கீலில் இருந்து கழற்றி வைத்து அறுப்பவர்கள், மேல் எது கீழ் எது என்று மறந்து, தலைப்பக்கத்தில் ஓட்டை போட்டுவிடுவது உண்டு. முன்யோசனை உள்ளவர்கள் கழற்றுவதற்கு முன்பே அடிப்பக்கத்தில் சாக்பீசால் ஒரு குறி போட்டு வைப்பார்கள்.

கண்ணாடிக் கதவு என்றால் அது கடினப்படுத்திய கண்ணாடியாக இருக்கும். அதை வீட்டில் வைத்து அறுக்க முடியாது. அறுத்தால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிப் பொடியாகக் கொட்டும். தொழிற்சாலையிலேயே ஓட்டையுடன் புதுக் கண்ணாடி செய்து வாங்க வேண்டும்.

சுவரில் ஓட்டை போட்டால் உள்ளே மின்சாரக் கம்பி ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். அமெரிக்க வீடுகளில் கார்க் கொட்டகையும் வீடும் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு கனத்த கதவு. கொட்டகையில் தீப்பிடித்தால் வீட்டுக்குள் பரவாமல் சற்று நேரம் தடுப்பதற்காகச் சட்டப்படி வைத்த கதவு அது. அதில் நாய்க்கு ஓட்டை போட்டால், தீக்கும் புகைக்கும் ஓட்டை போட்டதாகத்தான் அர்த்தம்.

ஓட்டை தயார். நாய் தயாரா?

எல்லாம் பொருத்தி ஆயிற்று. குடும்பமே கூடி நிற்கிறது. நாயைக் கூப்பிடுகிறார்கள்.

நாய் வருகிறது. தட்டியைப் பார்க்கிறது. முகர்ந்து பார்க்கிறது. பிறகு பக்கத்தில் உள்ள பெரிய கதவின் முன்னால் போய் உட்கார்ந்து, வாலை ஆட்டுகிறது. "திறந்துவிடுங்கள்" என்று அர்த்தம்.

இதில் நாயின் தப்பு ஒன்றும் இல்லை. பிறந்தது முதல் அது கற்ற பாடம் என்ன? கதவு என்றால் மனிதர் திறப்பது. முட்டினால் திறக்கும் சுவர் என்று ஒன்றை அது பார்த்ததே இல்லை.

இங்கேதான் பொறுமை இல்லாத எஜமானர் பெரிய தவறு செய்கிறார். நாயின் பின்னால் கை வைத்து ஒரே தள்ளு! தலை தட்டியில் மோதுகிறது. தட்டி முதுகில் உரசி, வாலில் விழுகிறது. காந்தம் 'டக்' என்று ஒட்டும் சத்தம் வேறு. நாய் கதறிக்கொண்டு வெளியே விழுகிறது. வேலை முடிந்தது என்று எஜமானர் நினைக்கிறார். உண்மையில் வேலை கெட்டது. அதன்பிறகு சில நாய்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பது இல்லை. ஆசையோடு வாங்கிய கதவு, நாய் அஞ்சி ஓடும் பூதம் ஆகிவிடுகிறது.

சரியான வழி வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழக மனோதத்துவ அறிஞர் பி.எப்.ஸ்கின்னர், 1951-ம் ஆண்டில் 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மிருகங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் கட்டுரை. அவர் சொன்னது இரண்டே விஷயம். பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அந்த நிமிஷமே பரிசு கிடைக்க வேண்டும். பரிசு ஐந்து நிமிஷம் தாமதமானால், எதற்குக் கிடைத்தது என்று மிருகத்துக்குப் புரியாது.

நாய்க் கதவுப் பாடமும் இப்படித்தான் நடக்கிறது.

முதல் நாள் தட்டியே இருக்கக்கூடாது. கழற்றிவிட வேண்டும், அல்லது மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும். வெறும் ஓட்டை. ஒருவர் உள்ளே நாயோடு இருக்க வேண்டும். இன்னொருவர் வெளியே மண்டியிட்டு, ஓட்டை வழியாக முகத்தைக் காட்டிக் கூப்பிட வேண்டும். கையில் இறைச்சித் துண்டோ, பாலாடைக் கட்டியோ இருக்க வேண்டும். தினமும் தின்னும் தீனி வேலைக்கு ஆகாது. நாய்க்கு நாவில் நீர் ஊற வேண்டும்!

தலை நீட்டினால் ஒரு துண்டு. முன்னங்கால் வைத்தால் இன்னொரு துண்டு. முழுசாக வந்தால் தடபுடலாகப் பாராட்டு. பிறகு வெளியில் இருந்து உள்ளே. இப்படிப் பத்துத் தடவை. அதோடு நிறுத்திவிட வேண்டும். நாய்க்குச் சலிப்பு வரும் முன்பே பாடம் முடிய வேண்டும்.

அடுத்த நாள் தட்டிக்குப் பதில் ஒரு பழைய துண்டைத் தொங்கவிட வேண்டும். முதலில் பாதி அளவு. பிறகு முழு அளவு. துணி முதுகில் உரசும் உணர்ச்சி நாய்க்குப் பழகிவிடும். துணி வலிக்காது என்று தெரிந்துகொள்ளும்.

அதன்பிறகுதான் உண்மையான தட்டி. அப்போதும் கையால் பாதி தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாய் போனபிறகு டக் என்று விட்டுவிடக்கூடாது. வால் தாண்டும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், ஒரு தடவை நாய் தானே மூக்கால் முட்டும். அந்த முட்டுதான் பாடத்தின் உச்சம். கையில் இருப்பதை எல்லாம் கொடுத்துவிடலாம்!

தட்டியின் அடி ஓரத்தில் கொஞ்சம் இறைச்சிச் சாறு தடவி வைப்பவர்களும் உண்டு. நாய் நக்கும். நக்கும்போது தட்டி அசையும். அசைந்தால் பயம் இல்லை என்று தெரியும்.

சில நாய் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறது. சில நாய்க்கு இரண்டு வாரம் பிடிக்கிறது. பயந்த சுபாவம் உள்ள நாய், முன்பு அடிபட்ட நாய் இன்னும் தாமதிக்கும். அவசரப்படுத்தினால் முதல் நாளுக்கே திரும்ப வேண்டியதுதான்.

வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே தரை உயரமாகவும், வெளியே தரை பள்ளமாகவும் இருந்தால், நாய் தலையை நீட்டியதும் கீழே கிடுகிடு பள்ளம் தெரியும். நாய் பின்வாங்கிவிடும். தட்டிக்குப் பயந்துவிட்டது என்று வீட்டுக்காரர் நினைப்பார். வெளியே ஒரு படி கட்டினால் அன்றே பாடம் முடிந்துவிடும்.

எஜமானரே தவழ்கிறார்!

வீட்டில் ஏற்கனவே பழகிய நாய் ஒன்று இருந்தால் பாதி வேலை மிச்சம். மூத்ததைப் பார்த்து இளையது பின்னாலேயே போய்விடும்.

ஒரே நாய் என்றால்? எஜமானரே கையை ஊன்றித் தலையை நுழைத்துக் காட்டுவது உண்டு. வேடிக்கைதான். ஆனால் நாய் மனிதரைப் பார்த்துக் கற்கும் என்பது உண்மை.

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்து, 2001-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஒரு கம்பி வேலி. வேலிக்கு உள்பக்க மூலையில் நாய்க்குப் பிடித்த பொருள். நாய் வெளியே. நேரே போக முடியாது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். தானாக வழி தேடிய நாய்கள் தடுமாறின. மனிதர் ஒருவர் சுற்றிப் போவதைப் பார்த்த நாய்கள் சீக்கிரமே வழியைக் கண்டுகொண்டன.

யார் யார் வருவார்கள்?

நாய்க்குப் போட்ட வாசல் என்று அறிவிப்பு எழுதி வைத்தாலும் மற்றவர்கள் படிக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் ரக்கூன் என்று ஒரு பிராணி. முகமூடி கட்டிய திருடன் போல் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. முன்னங்காலைக் கைபோல் உபயோகிக்கும். நாய்ச் சோறு வாசனை பிடித்தால், ராத்திரியில் தட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். நாற்றத்தைப் பீய்ச்சி அடிக்கும் 'ஸ்கங்க்' பிராணியும் வரும். இரண்டுமே வெறிநோய்க் கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஆகையால் தீனித் தட்டை நாய்க் கதவின் அருகில் வைக்கக்கூடாது. நாய்க்குத் தடுப்பு ஊசியும் தவறக்கூடாது.

பெரிய நாய் நுழையும் ஓட்டையில் ஒல்லியான மனிதரும் நுழையலாம். உள்ளே நுழையக்கூட வேண்டாம். கையைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தால் போதும். தாழ்ப்பாளுக்கு எட்டாத இடமாகப் பார்த்து ஓட்டை போட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இவற்றை எல்லாம்விடப் பெரிய ஆபத்து வீட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. தவழும் குழந்தை!

குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கும் ஒரே கதவு நாய்க் கதவுதான். நாய் முட்டிக்கொண்டு போவதைக் குழந்தை தினமும் பார்க்கிறது. நாய்க்கு இரண்டு வாரம் பிடித்த பாடத்தைக் குழந்தை ஒரே பார்வையில் கற்றுக்கொள்கிறது. ஒருநாள் அம்மா அடுப்படியில் திரும்பி நிற்கும்போது, நாயின் பின்னாலேயே தவழ்ந்து கொல்லைக்குப் போய்விடுகிறது. சத்தமே இல்லை.

அமெரிக்காவில் பல வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் இருக்கிறது. அந்த நாட்டில் 1 வயது முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளை அதிகமாகப் பலி வாங்குவது தண்ணீர்தான். நாய்க் கதவு வழியாக வெளியேறிக் குளத்தில் விழுந்து மூழ்கிய குழந்தைகளும் அதில் உண்டு. வீட்டைச் சுற்றி வேலி இருந்து என்ன பயன்? குளம் அந்த வேலிக்கு உள்ளேதானே இருக்கிறது!

ஆகவே, குளத்தின் நான்கு பக்கமும் தனியாக வேலி வேண்டும். குறைந்தது 4 அடி உயரம் வேண்டும். வேலிக் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். நாய்க் கதவு குளத்தின் பக்கம் திறக்கவே கூடாது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் நாய்க் கதவை வைப்பதையே இரண்டு மூன்று வருஷம் தள்ளிப் போட்டால் குடி முழுகிப் போகாது. நாயைக் கையில் பிடித்து அழைத்துப் போகலாம்.

ஆள் பார்த்துத் திறக்கும் கதவு

நாயை அடையாளம் கண்டு திறக்கும் கதவுகளும் வந்துவிட்டன. நாயின் தோளுக்கு நடுவில் தோலுக்கு அடியில், அரிசி அளவில் ஒரு 'சிப்'பை ஊசி மூலம் வைப்பார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். காணாமல் போன நாயைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. இங்கிலாந்தில் 2016-ம் ஆண்டு முதல் எல்லா நாய்க்கும் இது கட்டாயம். நாய் கிட்டே வந்ததும் கதவு அந்த எண்ணைப் படிக்கும். சொந்த நாய் என்றால் பூட்டு விலகும். ரக்கூன் வந்தால் விலகாது.

சிப் மிக அருகில் வந்தால்தான் கதவால் படிக்க முடியும். அதனால் இந்த வகைக் கதவு பூனைக்கும் சிறிய நாய்க்கும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. பெரிய நாய்க்குக் கழுத்துப் பட்டையில் சாவி கட்டும் வகை இருக்கிறது. பட்டை எங்கேயாவது கழன்று விழுந்தால், நாய் சொந்த வீட்டுக்கு முன்னாலேயே குளிரில் நிற்க வேண்டியதுதான். பேட்டரி தீர்ந்தாலும் இதே கதி.

அதனால் பலர் பழைய தட்டியோடு, ஒரு பலகையை வைத்துத் திருப்தி அடைகிறார்கள். ராத்திரியில் சட்டத்தின் பள்ளத்தில் பலகையை இறக்கிவிட்டால் ஓட்டை அடைபடும். காலையில் எடுத்துவிடலாம்.

இதிலும் ஒரு சங்கடம். தினமும் தட்டியை முட்டிப் பழகிய நாய், பலகை இருப்பதைக் கவனிக்காது. கொல்லையில் ஏதோ சத்தம் கேட்டதும் ஓடிவந்து மூக்கை மடார் என்று மோதிக்கொள்ளும். புடாபெஸ்ட் விஞ்ஞானிகள் பின்னர் வேலியில் கதவு வைத்துப் பார்த்தபோதும் இப்படித்தான். திறந்த கதவில் நுழைந்து ருசி கண்ட நாய்கள், கதவை மூடியபிறகும் அதே இடத்திலேயே முயன்றுகொண்டிருந்தன.

அனுபவசாலிகள் பலகையைப் போட்டதும் நாயைக் கூப்பிட்டு, அதன் எதிரிலேயே பலகையை விரலால் தட்டிக் காட்டுகிறார்கள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விடும். தட்டிக் காட்ட மறந்த வீட்டில், மறுநாள் காலை நாய் பழையபடி பெரிய கதவின் முன்னால் உட்கார்ந்திருக்கும். தட்டியைக் கழற்றி, இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரர் வெளியே போய் மண்டியிட வேண்டியதுதான்.